டீசல் பிக்கப்புக்கு என்ன ஆயில், எப்போது மாற்றுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குட்டி யானை, பொலிரோ பிக்கப், தோஸ்த், யோதா, டி-மேக்ஸ் என்று தமிழ்நாட்டில் ஓடும் டீசல் பிக்கப்களை வைத்திருப்பவர்கள் ஆயில் கடையிலும் மெக்கானிக் ஷெட்டிலும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. எந்த பிராண்டு நல்லது என்றுதான் பேச்சு பெரும்பாலும் தொடங்கும். கேனின் பின்பக்கம் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது, வண்டி ஒரு நாளில் எப்படி ஓடுகிறது என்ற இரண்டும் தெரிந்துவிட்டால் பிராண்டுப் பேச்சு பாதி முடிந்துவிடும்.

15டபிள்யூ-40, 5டபிள்யூ-30 என்று போட்டிருக்கிறதே, அது என்ன?

ஆயிலின் தடிமன். டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண், குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் எவ்வளவு இளக்கமாக இருக்கும் என்பதைச் சொல்கிறது; எண் குறையக் குறைய குளிரில் வேகமாக ஓடும். பின்னால் இருக்கும் எண், இன்ஜின் சூடான பிறகு உள்ள தடிமன். இதை 100 டிகிரியில் அளக்கிறார்கள். 15டபிள்யூ ஆயிலின் ஸ்டார்ட்டிங் சோதனை மைனஸ் 20 டிகிரியில் நடக்கிறது. ஊட்டியில் உறைபனி விழுகிற மார்கழி, தை மாதங்களில்கூட பூஜ்ஜியத்தை ஒட்டித்தான் வெப்பநிலை இறங்கும். அதனால் குளிரை நினைத்து நம் ஊரில் யாரும் 5டபிள்யூவுக்கு மாற வேண்டியதில்லை. வண்டி கம்பெனி 5டபிள்யூ-30 சொல்லியிருந்தால் அதற்குக் காரணம் வேறு.

சரி, 5டபிள்யூ-30 தண்ணி மாதிரி இருக்கிறதே, நம் வெயிலுக்குத் தாங்குமா?

தாங்கும். இன்ஜின் சூடானதும் தெர்மோஸ்டாட் திறந்து, கூலன்ட்டை 80-90 டிகிரியை ஒட்டி வைத்திருக்கும். வேலூரில் மே மாதம் ஓடினாலும் கொடைக்கானலில் டிசம்பரில் ஓடினாலும் உள்ளே நிலைமை ஏறத்தாழ ஒன்றுதான். ஆயிலை உண்மையில் சூடேற்றுவது லோடும் ஏற்றமும். ஒன்றரை டன் ஏற்றிக்கொண்டு திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் செகண்ட் கியரில் ஏறும்போது ஆயில் படுகிற பாடு சித்திரை வெயிலால் வருவதில்லை.

ஆனால் ஒன்றில் ஜாக்கிரதை. பெட்ரோல் காருக்கு விற்கிற 5டபிள்யூ-30 வேறு, டீசல் பிக்கப்புக்கான 5டபிள்யூ-30 வேறு. பேரிங்குக்குள் 150 டிகிரி சூட்டில் ஆயில் நசுங்கும்போது எவ்வளவு தடிமன் மிஞ்சுகிறது என்று ஒரு அளவு உண்டு. ஏபிஐ சிகே-4 (இதைப் பற்றி அடுத்த கேள்வியில்), ஐரோப்பிய வண்டித் தயாரிப்பாளர் சங்கமான ஏசிஇஏவின் சி3 ஆகிய தரங்களில் இது 3.5க்குக் குறையக் கூடாது. பெட்ரோல் காருக்கான பல ஆயில்களில் அதற்குக் கீழேயே இருக்கும். வீட்டில் காருக்கு வாங்கிய கேன் மிச்சம் இருக்கிறது, எண் ஒன்றுதானே என்று பிக்கப்பில் ஊற்றிவிடாதீர்கள்.

சிஎஃப்-4, சிஐ-4 பிளஸ், சிகே-4 என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதை வாங்குவது?

இதுதான் முக்கியமான கேள்வி. ஏபிஐ என்பது அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பின் தர முத்திரை. எஸ் என்று தொடங்கினால் பெட்ரோல் இன்ஜினுக்கு, சி என்று தொடங்கினால் டீசலுக்கு. சிஎஃப்-4 வந்தது 1990இல். அதன் பிறகு சிஜி-4, 1998இல் சிஹெச்-4, 2002இல் சிஐ-4, 2006இல் சிஜே-4, 2016 கடைசியில் சிகே-4. ஒவ்வொரு படியும் ஒரு புது இன்ஜின் தொல்லைக்குப் பதிலாக வந்தது. சிஐ-4ஐ எடுத்துக்கொள்ளுங்கள். புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள்ளேயே அனுப்பும் ஈஜிஆர் வந்ததும் ஆயிலில் கரியும் அமிலமும் ஏறின. அதைத் தாங்கத்தான் சிஐ-4. பிளஸ் என்றால் கரியை இன்னும் நன்றாகச் சுமக்கும். பிஎஸ்-4 (பிஎஸ் என்பது அரசின் புகைக் கட்டுப்பாட்டு விதி) பிக்கப்களில் ஈஜிஆர் சர்வசாதாரணம் என்பதால் அவற்றுக்கு சிஐ-4 பிளஸ், 15டபிள்யூ-40 பொருத்தமான தேர்வு.

பழைய குட்டி யானை, அதாவது 2005இல் வந்த 702 சிசி, ரெண்டு சிலிண்டர் இன்ஜின் வண்டிக்கு மேனுவலில் பழைய தரம் போட்டிருக்கலாம். அதற்கும் சிஐ-4 பிளஸ் ஊற்றலாம். புதிய தரம் பழைய இன்ஜினுக்குப் போகும். பழைய தரம் புதிய இன்ஜினுக்குப் போகாது. சிஎஃப்-4ஐ ஏபிஐ எப்போதோ வழக்கொழிந்தது என்று ஒதுக்கிவிட்டது. இன்னும் சில கடைகளில் மலிவு விலையில் தொங்குகிறது. லிட்டருக்கு மிச்சமாகும் சில்லறைக்காக அதை வாங்குவது வீண்.

இதில் ஒரே விதிவிலக்கு எஃப்ஏ-4. சிகே-4 கூடவே வந்தாலும் அது குறிப்பிட்ட சில புது இன்ஜின்களுக்கான மெலிந்த ஆயில். பழைய வண்டிக்கு ஆகாது. நம் கடைகளில் பெரும்பாலும் கண்ணில் படாது என்றாலும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

என் வண்டி பிஎஸ்-6. பழைய வண்டிக்கு வாங்கிய சிஐ-4 பிளஸ் கேன் இருக்கிறது. ஊற்றலாமா?

வேண்டாம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டீசல் வண்டிகளில் பெரும்பாலானவற்றின் சைலன்சர் வழியில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி இருக்கிறது. அதில் சேரும் கரியை வண்டியே அவ்வப்போது எரித்துக்கொள்ளும். ஆனால் ஆயில் எரிந்தால் அதில் கலந்திருக்கும் உலோக உப்புகள் சாம்பலாகின்றன. இந்தச் சாம்பல் எரியாது, உள்ளேயே தங்கிவிடும். பழைய ஆயில்களில் இந்தச் சாம்பல் அதிகம். அதனால்தான் சிகே-4 தரத்தில் சாம்பல் 1 சதவீதத்துக்குள்ளும், ஏசிஇஏ சி3யில் 0.8 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும் என்று கட்டிவைத்திருக்கிறார்கள். தவறான ஆயில் ஊற்றினால் இன்ஜினுக்கு அன்றைக்கே ஒன்றும் ஆகாது. ஒரு வருடம் கழித்து டிபிஎஃப் அடைத்துக்கொண்டு மீட்டரில் விளக்கு எரியும்போது, அதற்கும் ஆயிலுக்கும் சம்பந்தம் இருப்பது யாருக்கும் தோன்றாது. டிபிஎஃப் விலையை ஒருமுறை விசாரித்துப் பாருங்கள், அப்புறம் அந்தக் கேனைத் தொட மாட்டீர்கள்.

மேனுவலில் எந்தத் தரம் போட்டிருக்கிறதோ அதைத்தான் வாங்க வேண்டும். சிகே-4 என்று போட்டிருந்தால் சிகே-4. ஏசிஇஏ சி2 அல்லது சி3 என்று போட்டிருந்தால் அதுவே.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது? மெக்கானிக் 5,000 என்கிறார், மேனுவலில் 20,000 என்று இருக்கிறது.

இரண்டு பேருக்கும் காரணம் இருக்கிறது. 5,000 என்ற பழக்கம் பழைய டீசல் காலத்தில் வந்தது. டீசலில் இருக்கும் கந்தகம் எரிந்து அமிலமாகி ஆயிலோடு கலக்கும். அந்த அமிலத்தை முறிக்க ஆயிலில் காரம் சேர்த்திருப்பார்கள். காரம் தீர்ந்தால் ஆயில் செத்துப்போச்சு என்று அர்த்தம். பிஎஸ்-3 டீசலில் கந்தகம் 350 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 350 பங்கு. பிஎஸ்-4இல் 50. நாடு முழுக்க அது வந்தது 2017 ஏப்ரலில். சென்னைக்கு 2010லேயே வந்துவிட்டது. இப்போது பங்கில் கிடைப்பது 10 பிபிஎம். ஆகவே அமிலத் தொல்லை முப்பதில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. ஆயிலும் மேம்பட்டிருக்கிறது. அன்றைக்குச் சரியாக இருந்த 5,000ஐ இன்றைக்கு நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்குச் சொன்னால் காசு விரயம்.

ஆனால் மேனுவல் எண்ணும் எல்லாருக்கும் பொருந்தாது. அது சீரான ஓட்டத்துக்கு, சரியான லோடுக்கு, சுத்தமான காற்றுக்கு. அதே மேனுவலில் சில பக்கம் தள்ளி 'கடுமையான பயன்பாடு' என்ற தலைப்பில் இடைவெளியைக் குறைக்கச் சொல்லியிருக்கும். அந்தப் பக்கத்தைத்தான் யாரும் படிப்பதில்லை. ஓவர்லோடு, மலை ஏற்றம், செங்கல் சூளை அல்லது குவாரித் தூசி, நின்று நின்று போகும் ஊருக்குள் ஓட்டம், மணிக்கணக்கில் ஐட்லிங் எல்லாம் அதில் வரும். சொல்லப்போனால் நம் ஊர் பிக்கப்களில் பாதி அந்தப் பட்டியலுக்குள்தான் ஓடுகின்றன.

என் கணக்கு இப்படி. பிஎஸ்-3, பிஎஸ்-4 வண்டி, சிஐ-4 பிளஸ், கலவையான ஓட்டம் என்றால் 8,000 முதல் 10,000. மலையும் லோடும் சேர்ந்தால் 6,000. பிஎஸ்-6 என்றால் நெடுஞ்சாலை ஓட்டத்துக்கு மேனுவல் சொல்வது. கடும் ஓட்டத்துக்கு அதில் பாதி. ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை கட்டாயம்.

என் வண்டி தண்ணீர் கேன் போடுகிறது. வருடத்துக்கு 12,000 கி.மீ. ஓடினாலே அதிகம். வருடம் ஒருமுறை மாற்றினால் போதும்தானே?

போதாது. பார்வைக்கு லேசான வேலை, ஆனால் ஆயிலுக்கு இதைவிட மோசமான வேலை கிடையாது. தெருவுக்குள் நுழைந்து ஆஃப், நாலு கேன் இறக்கி ஸ்டார்ட், அடுத்த அபார்ட்மென்ட்டில் மறுபடி ஆஃப். இன்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. எரியும்போது உண்டாகும் ஈரம் ஆவியாக வெளியேற ஆயில் நன்றாகச் சூடாக வேண்டும். சூடாகாவிட்டால் அது இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் சேம்பருக்குள்ளேயே தங்கும். ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். பால் காப்பி நிறத்தில் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தால் இந்த ஈரம்தான். கூலன்ட் குறையாமல் இருந்து, கேஜில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) ஆயில் சுத்தமாக இருந்தால், கூலன்ட் ஆயிலில் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். கேஜிலும் அதே நிறம் என்றால் வண்டியை நகர்த்தாதீர்கள்.

கிலோமீட்டரை விட்டுவிட்டு மணிக்கணக்கு போட்டுப் பாருங்கள். சராசரி 50 கி.மீ. வேகத்தில் நெடுஞ்சாலையில் போகும் வண்டிக்கு 10,000 கி.மீ. என்பது 200 மணி நேரம். நிறுத்தத்தோடு சேர்த்து சராசரி 10 கி.மீ. வரும் கேன் வண்டிக்கு அதே 10,000 என்பது 1,000 மணி நேரம். டிராக்டருக்கெல்லாம் பொதுவாக 250 மணி நேரத்தை ஒட்டி ஆயில் மாற்றுகிறார்கள். அந்தக் கணக்கை அப்படியே போட்டால் 2,500 கி.மீ. வருகிறது, லோடு லேசு என்பதால் அவ்வளவு தேவையில்லை. 5,000 கி.மீ. அல்லது ஆறு மாதம், எது முன்னால் வருகிறதோ அது.

மார்க்கெட்டில் இன்ஜினை ஓடவிட்டு வரிசையில் நிற்கும் காய்கறி வண்டிகளுக்கும் இதுவே. ஒரு மணி நேர ஐட்லிங்கைத் தோராயமாக 40 கி.மீ. ஓட்டமாக எண்ணிக்கொள்ளுங்கள். மீட்டர் அதைக் காட்டாது.

அடிக்கடி மாற்றினால் கட்டுப்படியாகுமா?

கணக்குப் போட்டுவிடலாம். ஆறு லிட்டர் பிடிக்கிற வண்டி, லிட்டர் 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 2,400. ஃபில்டர், வாஷர் 400. மொத்தம் 2,800. 10,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றினால் கிலோமீட்டருக்கு 28 பைசா. 5,000க்கு மாற்றினால் 56 பைசா. லிட்டருக்கு 12 கி.மீ. கொடுக்கிற வண்டியில் டீசல் 92 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு ஏழரை ரூபாய்க்கு மேல் டீசலுக்கே போகிறது. டயரில் காற்று குறைவாக வைத்து ஓட்டினால் போகிற காசு, ஆயிலைத் தள்ளிப்போட்டு மிச்சம் பிடிக்கிற காசை விட அதிகமாகக்கூட இருக்கலாம்.

போன வாரம்தான் மாற்றினேன், அதற்குள் கன்னங்கரேல் என்று ஆகிவிட்டதே?

டீசல் வண்டியில் அப்படித்தான் ஆகும். கரியைப் பொடியாக மிதக்க வைத்துச் சுமப்பதுதான் ஆயிலின் வேலை. கறுப்பாவது அது வேலை செய்வதற்கு அடையாளம். நிறத்தைப் பார்த்து ஆயில் மாற்றச் சொல்பவர் பேச்சைக் கேட்க வேண்டாம். விரலில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று மணல் தட்டினால், அல்லது தார் மாதிரி இழுத்தால், அதுதான் கவலைக்குரியது.

மணல் தட்டினால் ஏர் ஃபில்டரையும் அதிலிருந்து டர்போவுக்குப் போகும் ரப்பர் ஹோஸையும் பாருங்கள். கிளிப் லூசாகி, ஹோஸில் கீறல் விழுந்து தூசி நேராக உள்ளே போகும். ஓட்டை ஹோஸோடு எத்தனை முறை ஆயில் மாற்றினாலும் ரிங் தேயும்.

ஆயில் லெவல் குறையாமல் ஏறுகிறது. எப்படி?

பிஎஸ்-6 வண்டியில் நடக்கக்கூடியது. டிபிஎஃப் கரியை எரிக்க இன்ஜின் கூடுதலாக டீசல் பீய்ச்சும். அந்த நேரம் பார்த்து நீங்கள் ஆஃப் செய்துவிட்டால், எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக சேம்பருக்கு இறங்கும். ஊருக்குள் குறுகிய ஓட்டம் ஓட்டுபவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். ஆயில் இளகிவிடும், பேரிங்குக்கு நல்லதில்லை. கேஜை முகர்ந்தால் டீசல் வாடை அடிக்கும். லெவல் மேக்ஸ் கோட்டைத் தாண்டினால் கிலோமீட்டர் பார்க்காமல் மாற்றிவிட வேண்டும். வாரம் ஒருமுறையாவது பைபாஸில் இருபது முப்பது நிமிடம் சீரான வேகத்தில் ஓட்டினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. இன்ஜெக்டர் ஒழுகினாலும் லெவல் ஏறும். அதை ஷெட்டில்தான் பார்க்க வேண்டும்.

வண்டி ஆயில் குடிக்கிறது. தடியான 20டபிள்யூ-50 ஊற்றச் சொல்கிறார்கள்.

முதலில் எங்கே போகிறது என்று பாருங்கள். வெளியே ஒழுகலா, நீலப் புகையா, டர்போ வழியாக இன்டர்கூலர் பைப்பில் சேர்கிறதா? பழைய, டர்போ இல்லாத வண்டி, போர் தேய்ந்துவிட்டது, இன்ஜின் வேலைக்குக் காசு சேர்க்கும் வரை ஓட்ட வேண்டும் என்றால் தடி ஆயில் ஊற்றிச் சமாளிக்கலாம், தப்பில்லை. டர்போ வண்டியில் வேண்டாம். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போ தண்டு ஆயில் படலத்தின் மேல்தான் மிதக்கிறது; காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் அங்கே போய்ச் சேரத் தாமதமானால் முதலில் அடி வாங்குவது அதுதான். மலை ஏறி முடித்ததும் சாவியைத் திருகி அணைக்காமல் ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விடச் சொல்வதும் இதே தண்டுக்காகத்தான்.

சின்தெடிக் ஊற்றினால் இரண்டு மடங்கு ஓட்டலாமா?

மேனுவல் அனுமதித்தால் ஓட்டலாம். சின்தெடிக் சூட்டில் சீக்கிரம் கெடாது என்பது உண்மை. ஆனால் கரியும் தூசியும் டீசலும் கலந்தால் அதுவும் கெட்டுத்தான் போகும். பழைய பிஎஸ்-3 வண்டிக்கு நல்ல மினரல் ஆயிலை நேரத்துக்கு மாற்றினாலே போதும்.

வழியில் லெவல் குறைந்துவிட்டது. வேறு பிராண்டைக் கலக்கலாமா?

கலக்கலாம். அதே தடிமன், அதே தரம் அல்லது அதற்கு மேல். ஆயில் இல்லாமல் ஓட்டுவதை விட எந்த டீசல் ஆயிலும் மேல். மின், மேக்ஸ் கோடுகளுக்கு நடுவே பல இன்ஜின்களில் சுமார் ஒரு லிட்டர் இருக்கும். கால் லிட்டர் கால் லிட்டராக ஊற்றிப் பாருங்கள். மேக்ஸைத் தாண்டினால் சுழலும் கிராங்க் தண்டு ஆயிலை அடித்து நுரை கட்டும்.

டூப்ளிகேட் ஆயிலை எப்படிக் கண்டுபிடிப்பது?

நிறத்தையும் வாடையையும் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. வாங்கும் இடம்தான் பாதுகாப்பு: பெட்ரோல் பங்க், கம்பெனி டீலர், பில் கொடுக்கிற கடை. மூடி சீல், பேட்ச் நம்பர், பேக் செய்த தேதி பார்க்க வேண்டும். கேனில் உள்ள பேட்ச் நம்பரும் பெட்டியில் உள்ளதும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் இன்னும் நல்லது. ஷெட்டில் ஆயில் மாற்றினால் சீலை உங்கள் கண் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் காலி கேனை ஆணியால் குத்தி ஓட்டை போட்டுவிடுங்கள். நல்ல கேனாகப் போட்டுவிட்டு வந்தால் அதற்கென்றே விலை கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது, அதில் என்ன நிரம்பி யாருக்கு விற்கும் என்று சொல்லத் தேவையில்லை. பேரலில் இருந்து அளந்து ஊற்றும் லூஸ் ஆயில் மலிவுதான். பேரலில் என்ன இருக்கிறது என்பது ஊற்றுபவருக்குத்தான் தெரியும்.

நானே மாற்றிக்கொள்ளலாமா?

தாராளமாக. சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினைச் சூடாக்கி, பத்து நிமிடம் விட்டு சேம்பர் நட்டைக் கழற்றுங்கள். நட்டின் முனையில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியிருப்பதைப் பாருங்கள். மை போன்ற கறுப்புக் குழம்பு இருந்தால் பரவாயில்லை. கண்ணுக்குத் தெரியும் துகள், செதில் என்றால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். காந்தத்தில் ஒட்டாமல் ஆயிலில் மின்னும் செம்பு நிறத் துகள் பேரிங்கிலிருந்து வந்திருக்கலாம். வாஷர் புதிது போடுங்கள். ஃபில்டரை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும். அடைத்த ஃபில்டரில் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயில்தான் பேரிங்குக்குப் போகும். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவி, கையால் இறுக்கினால் போதும். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் அடுத்த முறை கழற்றுபவர் உங்களைத் திட்டுவார். ஸ்டார்ட் செய்ததும் ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும்.

வாரன்டியில் இருக்கும் வண்டி என்றால் இந்த வேலையைக் கம்பெனி சர்வீசிலேயே விட்டுவிடுங்கள், பில்லைப் பத்திரமாக வையுங்கள். இன்ஜின் க்ளெய்ம் வந்தால் முதலில் கேட்பது அதைத்தான்.

ஃபிளஷிங் ஆயில், அடிட்டிவ் எல்லாம் தேவையா?

தேவையில்லை. பல வருடம் கவனிக்காத இன்ஜினில் ஃபிளஷ் போட்டால், அடியில் படிந்த கசடு கிளம்பி, ஆயிலை உறிஞ்சும் வாயில் இருக்கும் ஸ்ட்ரெய்னர் சல்லடையை அடைக்கும் ஆபத்து உண்டு. அப்படிப்பட்ட வண்டிக்கு நல்ல ஆயிலை 2,000, 3,000 கி.மீ.க்கு ஒருமுறை என இரண்டு தடவை மாற்றினால் மெதுவாகச் சுத்தமாகும்.

பழைய ஆயிலை என்ன செய்வது?

சென்ட்ரிங் பலகைக்கும் வேலிக் கம்புக்கும் தடவ நிறையப் பேர் கேட்பார்கள். கொடுக்காமல் இருப்பது நல்லது. மழைக்கு அது மண்ணுக்குத்தான் போகிறது. சாக்கடையில் ஊற்றவே கூடாது. 2016ஆம் ஆண்டு விதிகளின்படி பயன்படுத்திய ஆயில் அபாயக் கழிவு, அனுமதி பெற்ற மறுசுழற்சியாளருக்குத்தான் போக வேண்டும். தண்ணீரோ டீசலோ கலக்காமல் பழைய கேனிலேயே ஊற்றி மூடி, பேரலில் சேர்த்து அப்படிப்பட்டவருக்கு விற்கும் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடலாம். பழைய ஃபில்டரையும் ஓர் இரவு கவிழ்த்து வடியவிட்டு அதோடு சேர்த்துக் கொடுங்கள். அதற்குள்ளும் ஆயில் தங்கியிருக்கும்.